ஒண்ணும் செய்யலையே, அப்புறம் எதுக்கு மாத்திரை?



ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் எந்தத் தமிழர் வீட்டுக்குப் போனாலும் ஐஸ்பெட்டிக்கு மேலேயோ சாமி மேடைக்குப் பக்கத்திலேயோ ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். உள்ளே அரசாங்க கிளினிக்கில் கொடுத்த மாத்திரை அட்டைகள். அவற்றில் பல அட்டைகள் பிரிக்கப்படாமலே கிடக்கும். கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "உடம்புக்கு ஒண்ணும் செய்யலையே, அப்புறம் எதுக்கு மாத்திரை?"

இந்த இதழில் வழக்கமாகப் பயிற்றி, பாடத்திட்டம், தேர்வு என்றுதான் எழுதுவோம். இந்த முறை அந்தப் பிளாஸ்டிக் பையைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. பேரப்பிள்ளையைக் கூட்டிப்போக மோட்டாரில் வரும் தாத்தா பாட்டிகள் நம்மிடம்தான் கேட்கிறார்கள்: "டீச்சர், இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாருங்களேன்." டாக்டரிடம் கேட்கத் தயங்குவதை ஆசிரியரிடம் கேட்பார்கள். அப்போது நாம் சொல்லும் பதில் சரியாக இருக்கணும். இன்னொன்று, ஐம்பதைத் தொட்ட ஆசிரியர் அறையில் எத்தனை பேர் கைப்பையில் இதே மாத்திரை இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் பத்துப் பேருக்கு மூன்று பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பது தெரிய வந்தது. அந்த மூவரில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. 2023-இல் மறுபடியும் எடுத்த ஆய்விலும் கணக்கு பெரிதாக மாறவில்லை, 29.2 விழுக்காடு. ஆக முப்பது பேர் வரும் பெற்றோர் கூட்டத்தில் எட்டு ஒன்பது பேருக்கு 'டாரா திங்கி' இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தாத்தா பாட்டிகள் வரும் கூட்டமென்றால் அதற்கும் மேல்.

கிளினிக்கில் இரண்டு எண் சொல்வார்கள். மேல் எண், இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாயில் இருக்கும் அழுத்தம். கீழ் எண், இதயம் தளர்ந்து ஓய்வெடுக்கும் நேரத்து அழுத்தம். கிளினிக்கில் வேறு வேறு நாளில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால் உயர் அழுத்தம் என்கிறார்கள். வீட்டில் அளந்தால் 135/85 தான் எல்லை, ஏனென்றால் வீட்டில் மனசு சற்று அமைதியாக இருக்கும்.

செம்பனைத் தோட்டத்தில் முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பம்பைப் பார்த்திருப்பீர்கள். அளவுக்கு மீறி அழுத்தம் கொடுத்து அடித்தால் குழாய் முதல் நாளே வெடிக்காது. கொஞ்சம் கொஞ்சமாக இணைப்பு தேயும், குழாய் விறைக்கும், ஒரு நாள் காலையில் வேலை நடுவில் பிய்த்துக்கொள்ளும். அதுவரை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. இரத்தக் குழாயும் இப்படித்தான். பிய்த்துக்கொள்ளும் இடம் மூளையாக இருந்தால் பக்கவாதம், இதயமாக இருந்தால் மாரடைப்பு. சிறுநீரகத்தில் சத்தமில்லாமலே போய்விடும். "தலைவலி வந்தாத்தான் பிரஷர் ஏறியிருக்கு" என்று நம்மவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியில்லை. 170-இல் சிரித்துப் பேசிக்கொண்டு மார்க்கெட்டில் மீன் வாங்குபவர்கள் உண்டு.

கொய்னா காலத்துப் பழக்கம்

"உடம்பு சரியாச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்" என்பதைச் சோம்பல் என்றோ அறியாமை என்றோ தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. நம் தாத்தா பாட்டிகள் மருந்தைப் பழகியது தோட்ட ஆஸ்பத்திரியில், டிரெஸர் கையில். மலேரியா என்றால் கொய்னா. வெட்டுக்காயம் என்றால் கட்டு. காய்ச்சல் விட்டதும் மருந்தும் விட்டது, மறுநாள் பால்வெட்டுக்குப் பெரட்டில் நிற்கணும். நோய் வந்தால் மருந்து, நோய் போனால் மருந்தும் போகணும் என்பது அந்த வாழ்க்கை கற்றுக்கொடுத்த சரியான கணக்கு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பிள்ளைகள் ஹுத்தான் மெலிந்தாங் பட்டணத்துக்கும் தெலுக் இந்தானுக்கும் ஈப்போவுக்கும் குடிபோன பிறகும் அந்தக் கணக்கு மட்டும் கூடவே வந்துவிட்டது.

பிரஷர் மாத்திரை அந்தக் கணக்குக்குள் அடங்காத மருந்து. அது நோயைத் துரத்தி வெளியே அனுப்புவதில்லை. தினமும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் காவல்காரர் மாதிரி. அவர் வேலையை விட்டுப் போனால் கதவு திறந்துகொள்ளும்.

இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. நம் கிளினிக்குகளில் அதிகம் கொடுக்கப்படும் மாத்திரைகளில் ஒன்று அம்லோடிபின். அது உடம்பில் மெதுவாகச் சேர்ந்து மெதுவாக வெளியேறும் மருந்து. உள்ளே போனதில் பாதி வெளியேறவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் பாட்டி திங்கட்கிழமை நிறுத்தினால் செவ்வாயன்று அளந்தாலும் பிரஷர் நன்றாகவே இருக்கும். புதனும் பரவாயில்லை. "பாத்தியா, மாத்திரை இல்லாமலே நல்லாத்தான் இருக்கு" என்ற முடிவுக்கு வந்துவிடுவார். சரியாகச் சொன்னால் அந்த நல்ல எண், போன வாரம் சாப்பிட்ட மாத்திரையின் எண். ஒரு வாரம் பத்து நாள் கழித்து அழுத்தம் பழைய இடத்துக்கு ஏறும்போது அவர் அளப்பதையே விட்டிருப்பார். இதே காரணத்தால் புதிதாகத் தொடங்குபவருக்கும் மூன்றாம் நாளே பலன் தெரியாது. ஒன்று இரண்டு வாரம் பொறுக்கணும்.

மாத்திரையே இல்லாத காலம்

மாத்திரை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று காட்ட உலகத்திலேயே பெரிய உதாரணம் அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1944 மார்ச்சில் இதய மருத்துவர் அளந்தபோது 186/108. உலகப் போரை நடத்திக்கொண்டிருந்த மனிதர், உலகத்து டாக்டர்கள் எல்லாரும் கூப்பிட்ட குரலுக்கு வருவார்கள். ஆனால் கொடுக்க மருந்து இல்லை. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள். 1945 ஏப்ரல் 12-ஆம் தேதி மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு 63 வயதில் இறந்தார். அன்றைக்கு அளந்தது 300/190-க்கும் மேல். இன்றைக்கு ஹுத்தான் மெலிந்தாங்கில் பாட்டிக்குக் கிடைக்கும் மாத்திரை அன்றைக்கு வெள்ளை மாளிகைக்குக் கிடைக்கவில்லை.

அதே காலத்தில் பதில் நம் பக்கத்திலேயே இருந்தது. சர்ப்பகந்தி என்ற செடியின் வேரை இந்திய வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். 1931-இல் கல்கத்தாவில் சென், போஸ் என்ற இரு மருத்துவர்கள் அது இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று எழுதினார்கள். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1949-இல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அளந்து, கணக்கெழுதி, பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள்.

"இங்கிலீஷ் மருந்தா, நாட்டு மருந்தா?" என்று வீட்டில் சண்டை நடக்கும்போது இந்தக் கதையைச் சொல்லலாம். முதல் பிரஷர் மாத்திரைகளில் ஒன்று நம் ஊர் வேரிலிருந்து வந்ததுதான். ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்லணும். ரெசர்பின் சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வு வந்தது. அளந்து, கணக்கெழுதிப் பார்த்ததால்தான் அதுவும் தெரிந்தது. அதைவிட நல்லவை வந்ததும் ரெசர்பின் ஒதுங்கிவிட்டது. மூலிகையா இரசாயனமா என்பதைவிட, யாராவது அளந்து பார்த்தார்களா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

மாத்திரை உண்மையிலேயே உயிரைக் காக்கிறதா என்பதும் அப்படித்தான் தெரிந்தது. அமெரிக்காவில் எட்வர்ட் ஃப்ரீஸ் என்ற மருத்துவர் தலைமையில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு. கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்கள். 73 பேருக்கு மூன்று மருந்துகள், அதில் ஒன்று நம்ம சர்ப்பகந்தி ரெசர்பின். 70 பேருக்குப் பார்க்க அதேபோல இருக்கும் வெறும் மாத்திரை. 1967-இல் முடிவு வெளியானது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்ற கடுமையான பாதிப்புகள் 27. மருந்து சாப்பிட்டவர்களிடம் 2. சராசரியாக இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் இவ்வளவு வித்தியாசம்.

அதன்பிறகு எத்தனையோ ஆய்வுகள். 2016-இல் லான்செட் இதழில் வந்த ஒரு தொகுப்பு 123 ஆய்வுகளை, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களைச் சேர்த்துக் கணக்கிட்டது. மேல் எண் 10 புள்ளி இறங்கினால் பக்கவாத ஆபத்து 27 விழுக்காடு குறைகிறது, இதயச் செயலிழப்பு 28 விழுக்காடு குறைகிறது. 160-ஐ 150 ஆக்கினாலே இந்த லாபம். "முழுசா நார்மலுக்கு வரலையே, அப்புறம் சாப்பிட்டு என்ன பிரயோசனம்" என்று கேட்பவருக்கு இது பதில்.

பையில் என்னென்ன இருக்கிறது?

அம்லோடிபினைப் பார்த்தோம். அது குழாய்ச் சுவரின் தசையைத் தளரவைக்கும். சிலருக்குக் கணுக்கால் வீங்கும், சாயங்காலம் செருப்பு இறுக்கும். இதைப் பார்த்து "கிட்னி போச்சு" என்று பயந்து நிறுத்துகிறவர்கள் நிறைய. அந்த வீக்கம் பெரும்பாலும் மருந்தால் காலில் தேங்கும் நீர்தான். ஆனாலும் நாமே முடிவு கட்டாமல் கிளினிக்கில் காலைக் காட்டவேண்டும். அளவைக் குறைப்பார்கள், அல்லது வேறு மருந்து சேர்ப்பார்கள்.

அடுத்தது பெரிண்டோப்ரில். இந்தக் குடும்பத்து மருந்தின் பிறப்பைச் சொன்னால் ஆறாம் ஆண்டு மாணவர்கள் வாயைப் பிளப்பார்கள். பிரேசில் நாட்டில் ஜராராக்கா என்று ஒரு குழிவிரியன். வாழைத் தோட்டத்தில் அது கடித்தவர்கள் இரத்த அழுத்தம் தடாலென்று இறங்கி மயங்கி விழுவார்களாம். அந்த நஞ்சில் என்ன இருக்கிறது என்று செர்ஜியோ ஃபெரேரா என்ற பிரேசில் விஞ்ஞானியும் பிறகு மற்றவர்களும் தோண்டியதில் கிடைத்த அறிவை வைத்து உருவானது காப்டோப்ரில். 1981-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெரிண்டோப்ரில் அதன் தம்பி. (செம்பனைக்குள் பாம்புக்குப் பயந்தே காலத்தை ஓட்டிய நம் ஆட்களுக்குப் பாம்பு செய்த ஒரே உபகாரம் இதுவாகத்தான் இருக்கும்.) இதைச் சாப்பிடும் சிலருக்கு வறட்டு இருமல் வரும். தொண்டையில் ஏதோ அரிப்பது மாதிரி, சளி இல்லாமல், இரவெல்லாம். வகுப்பில் பேசியே பிழைக்கும் நமக்கு அது பெரிய தொந்தரவு. இருமல் மருந்து வாங்கிக் குடித்துப் பயனில்லை. டாக்டரிடம் சொன்னால் லோசார்டன் போன்ற மருந்துக்கு மாற்றுவார், அதில் அந்த இருமல் அபூர்வம். உதடு, நாக்கு, முகம் வீங்கினால் மட்டும் காத்திருக்கக்கூடாது, மாத்திரையை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இளம் ஆசிரியைகளுக்கு ஒரு முக்கியமான செய்தி. பெரிண்டோப்ரில், லோசார்டன் இரண்டும் கர்ப்ப காலத்தில் கூடாது, வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். பிள்ளைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். மெத்தில்டோபா, லாபெடலால் என்று கர்ப்பத்துக்கு ஏற்ற மருந்துகள் இருக்கின்றன.

ஹைட்ரோகுளோரோதையசைடு என்பது நீர் பிரிக்கும் மாத்திரை. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் கழிவறைக்கு ஓடவைக்கும். காலை ஆறரைக்குச் சாப்பிட்டால் எட்டரைக்கு, இரண்டாம் ஆண்டு வகுப்பில் நாற்பது கண்கள் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும்போது. வகுப்பை விட்டுப் போகமுடியாது என்பதற்காகவே இதைத் தாண்டிவிடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தாண்டத் தேவையில்லை. பிரஷர் மாத்திரையைக் காலையில் சாப்பிடுவதா இரவிலா என்று ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தார் 21,104 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2022-இல் வந்த முடிவு: மாரடைப்பு, பக்கவாதத்தைத் தடுப்பதில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. அதனால் பள்ளி முடிந்து வீடு திரும்பிய பிறகு சாப்பிடலாமா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். ராத்திரி படுக்கும்போது மட்டும் வேண்டாம், தூக்கம் கெடும். கௌட் இருப்பவர்கள் அதையும் சொல்லவேண்டும், இந்த மாத்திரை அதைக் கிளறும்.

பிசோப்ரோலால், அட்டெனோலால் வகை இதயத் துடிப்பைக் குறைப்பவை. ஆஸ்துமா இருப்பவர்கள் டாக்டரிடம் மறக்காமல் சொல்லவேண்டும். இவற்றைத் தடாலென்று நிறுத்தவே கூடாது. இதய நோய் இருப்பவருக்கு நெஞ்சுவலியே வரலாம்.

"ஒரு மாத்திரைதான் இருந்துச்சு, இப்ப ரெண்டாக்கிட்டாங்க, நோய் முத்திடுச்சு போல" என்றும் கவலைப்படுவார்கள். அப்படியில்லை. ஒரே மருந்தை இரட்டிப்பாக்குவதைவிட வேறு வழியில் வேலை செய்யும் இரண்டு மருந்தைச் சிறிய அளவில் சேர்ப்பது நன்றாகக் குறைக்கும், பக்கவிளைவும் குறைவு. பலருக்கு இரண்டு, சிலருக்கு மூன்று தேவைப்படுவது சாதாரணம்.

கிட்னிக் கேள்வி

இப்போது பெரிய பயத்துக்கு வருவோம். "வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்." கல்யாண வீட்டிலும் காதில் விழும், சாவு வீட்டிலும் காதில் விழும்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாவம், அதில் ஒரு நியாயம்கூட இருக்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் மாமாவைப் பார்க்கிறோம். அவர் பத்து வருடமாகப் பிரஷர் மாத்திரையும் இனிப்புநீர் மாத்திரையும் சாப்பிட்டவர். ஆக, மாத்திரைதான் காரணம் என்று தோன்றிவிடுகிறது. குடை பிடித்தவர்களெல்லாம் நனைந்திருக்கிறார்கள், ஆகவே குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்பது போல. மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்கு வருபவர்களின் காரணப் பட்டியலில் முதலிடம் இனிப்புநீர், பாதிப்பேருக்கு மேல் அதனால்தான். அடுத்த இடம் உயர் இரத்த அழுத்தம்.

இன்னொரு காரணம், பெரிண்டோப்ரிலோ லோசார்டனோ தொடங்கிச் சில வாரத்தில் கிளினிக்கில் இரத்தம் எடுத்துச் சிறுநீரகத்தைச் சோதிப்பார்கள். "மாத்திரை கொடுத்துட்டு ஏன் கிட்னியைப் பாக்குறாங்க? அப்ப ஏதோ இருக்கு" என்று சந்தேகம் வருகிறது. இந்த மருந்துகள் சிறுநீரக வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தை இறக்குபவை. அதனால் தொடக்கத்தில் கிரியேட்டினின் என்ற எண் சற்று ஏறலாம். கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் கவலையில்லை, நிறைய ஏறினால் மருந்தை மாற்றுவார்கள். பொட்டாசியமும் ஏறாமல் பார்த்துக்கொள்வார்கள். சோதனை அதற்குத்தான். நாளாக நாளாக இவை சிறுநீரகத்தைக் காக்கின்றன. 2001-இல் வெளியான ரெனால் ஆய்வில், இனிப்புநீரால் சிறுநீரகம் கெடத் தொடங்கிய 1,513 பேரில் லோசார்டன் சாப்பிட்டவர்களுக்கு டயாலிசிஸ் கட்டத்துக்குப் போகும் ஆபத்து 28 விழுக்காடு குறைந்தது.

டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். வேலைக்குப் போகும் மகன் லீவு போட்டுக் கூட்டிப்போகவேண்டும். சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து மாத்திரையை ஒளித்துவைப்பவர் நடந்து போவது அந்தத் திசையில்தான்.

சிறுநீரகத்தைக் கெடுக்கும் மாத்திரை பையில் வேறு இடத்தில் இருக்கிறது. முட்டிவலிக்கும் இடுப்புவலிக்கும் கடையில் வாங்கி வைத்திருக்கும் போன்ஸ்தான், வோல்டாரென் போன்றவை. அவை பிரஷரையும் ஏற்றும். பெரிண்டோப்ரிலும் நீர் மாத்திரையும் சாப்பிடும் வயதானவர் இவற்றையும் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் திடீரென்று அடிவாங்கும். வலிக்குப் பொதுவாகப் பாராசிட்டமால் பாதுகாப்பானது. பால்வெட்டிலும் குலை அறுப்பிலும் தேய்ந்த முட்டிகள் நம் வீடுகளில் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அதேபோல "பிரஷரை வேரோடு தீர்க்கும்" என்று விற்கும் பொடிகளும் கேப்சூல்களும். பொட்டலத்தில் 'மால்' என்று தொடங்கும் பதிவெண் இருக்கிறதா பாருங்கள். பாரம்பரிய மருந்து என்றால் அந்த எண் 'டி' என்ற எழுத்தில் முடியும். கூடவே ஹோலோகிராம் வில்லை இருக்கும். பதிவில்லாத சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை அமைச்சு பலமுறை பிடித்திருக்கிறது. சாப்பிட்டவுடன் வலியெல்லாம் பறந்து பசியும் எடுத்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு இரத்த அழுத்தத்தையும் இனிப்பையும் சேர்த்தே ஏற்றும். முருங்கைக்கீரையும் பூண்டும் தாராளமாகச் சாப்பிடட்டும், உணவாக. மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம்.

உப்பைப் பற்றி ஒரு பத்தி போதும், எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராமுக்குள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பெர்ணம் ஆற்றங்கரையில் இருந்துகொண்டு கருவாட்டையும் பெலாச்சானையும் விடச்சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். குறைக்கச் சொல்லலாம். குறைத்தால் மாத்திரை இன்னும் நன்றாக வேலை செய்யும். கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். பெரிண்டோப்ரில், லோசார்டன் சாப்பிடுபவர்கள் கேட்காமல் வாங்கக்கூடாது.

உறையில் எழுதியிருப்பது

கிளினிக் மருந்து உறையில் எல்லாம் மலாயில் இருக்கும். 'செபெலும் மாக்கான்' என்றால் சாப்பாட்டுக்கு முன், 'செலெப்பாஸ் மாக்கான்' என்றால் பின். பெரிண்டோப்ரில் சாப்பாட்டுக்கு முன் சாப்பிடவேண்டியது. '1 பிஜி, செகாலி செஹாரி' என்றால் ஒரு நாளைக்கு ஒன்று. நமக்கு இது ஒன்றுமில்லை. எழுபது வயதுப் பாட்டிக்கு இது புதிர்.

மாத்திரையின் நிறமும் மாறும். ஒரே மருந்தை வேறு வேறு நிறுவனங்கள் தயாரிக்கின்றன. போன மாதம் வெள்ளை, இந்த மாதம் மஞ்சள். பாட்டி "புது மருந்து" என்று பழையதோடு சேர்த்து இரண்டையும் போட்டுவிடுவார், அல்லது "இது என் மருந்து இல்லை" என்று ஒதுக்கிவிடுவார். உறையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றாக இருந்தால் ஒரே மருந்துதான். யாராவது கேட்டால் இவ்வளவு செய்தாலே பெரிய உதவி. அளவை மாற்றுவதும் நிறுத்துவதும் நம் வேலையில்லை, அதற்குக் கிளினிக்கில் மருந்தாளர் இருக்கிறார்.

ஒரு வேளை மறந்துவிட்டால்? அதே நாளில் ஞாபகம் வந்தால் சாப்பிடலாம். மறுநாள்தான் தெரிந்தது என்றால் விட்டுவிட்டு வழக்கம்போல ஒன்று. இரண்டாகப் போடக்கூடாது. புரட்டாசி, தைப்பூச விரதத்திலும் தண்ணீரோடு மாத்திரை போடலாம், விரதம் கெடாது. தண்ணீரும் குடிக்காத விரதமென்றால் நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேசவேண்டும்.

மருந்து தீர்ந்துபோவது இன்னொரு சிக்கல். ஆறு மாதத்துக்கு எழுதிக்கொடுத்தாலும் மாதாமாதம் போய் வாங்கவேண்டியிருக்கும். கூட்டிப்போக ஆளில்லை, மழை, பேரனுக்குக் காய்ச்சல், அந்த மாதம் போச்சு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று தொடங்கி, பிரஷர், இனிப்புநீர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். இங்கே அந்த அளவுக்கு இல்லை. ஆனால் தபாலில் மருந்து அனுப்பும் சேவை இருக்கிறது. ஈப்போவில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கப்போகும் பாட்டி, அங்குள்ள அரசாங்க கிளினிக்கிலேயே மருந்து வாங்கிக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு. மருந்துக் கவுண்டரில் கேட்டால் செய்து தருவார்கள். கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

வீட்டில் அளப்பவர்கள் மணிக்கட்டுக் கருவியைவிட மேற்கைக் கருவி வாங்குவது நல்லது. அரை மணி நேரத்துக்கு முன்னால் கோப்பி, சிகரெட் வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால்மேல் கால் போடாமல், கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, பேசாமல், இரண்டு முறை. நாலாம் ஆண்டு வகுப்பில் கத்திவிட்டு வந்து ஆசிரியர் அறையில் அளந்த எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

வாய் கோணுதல், ஒரு கை விழுதல், பேச்சு குழறுதல், இவற்றில் எது வந்தாலும் உடனே 999. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. விரலில் ஊசி குத்தி இரத்தம் எடுப்பது, நாக்கடியில் பிரஷர் மாத்திரை வைப்பது எதுவும் வேண்டாம். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தெலுக் இந்தான் மருத்துவமனையில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

வகுப்பில் செய்ய ஒரு சிறு நடவடிக்கை. ஐந்தாம், ஆறாம் ஆண்டு நலக்கல்வியில் பயன்படுத்தலாம். மாணவர்கள் ஒரு மாத நாட்காட்டி வரைந்து, வீட்டில் மாத்திரை சாப்பிடும் பெரியவர் தினமும் தன் கையாலேயே ஒரு கோடு போடும்படி ஐஸ்பெட்டியில் ஒட்டவேண்டும். அடுத்த மருந்து வாங்கும் தேதியைச் சிவப்பில் வட்டமிடவேண்டும். மாத்திரையைப் பிள்ளைகள் எடுத்துக் கொடுக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், உறையைப் படித்துக் காட்டுவது மட்டும்தான் அவர்கள் வேலை. மாத இறுதியில் நாட்காட்டியை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லவேண்டாம், அது அந்தப் பெரியவரின் சொந்த விஷயம். கிளினிக்குக்குப் போகும்போது அவரே எடுத்துப்போகட்டும்.